ஒத்துவராத உபயோகம்

வரைபடத்தில் வெல்மன் தெரு மஞ்சள்.
மஞ்சள் என்றால் வீடுகள் மட்டும்,
மனைக்கு ஒரு குடும்பம்,
சாலையிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில்
கவுண்டி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் யாரோ
சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில்
பூசியிருக்க வேண்டும்.
காட்ஸ்டன் முடிதிருத்தகம்
பென்சிலின் ஒரே இழுப்பில்
மஞ்சளுக்குள் போய்விட்டது.

சட்டம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது:
ஒத்துவராத உபயோகம்.
எனக்கு முன்பே இருந்தாய், சரி, இருந்துகொள்
என்கிறது சட்டம்.
பெரிதாக்காதே.
பாதிக்கு மேல் எரிந்தால் திரும்பக் கட்டாதே.
பன்னிரண்டு மாதம் சேர்ந்தாற்போல் சும்மா கிடந்தால்
உரிமை செத்தது.
அந்தச் சாவுக்குச் சான்றெழுதும் ஆள் நான்.

ஆற்றோர மறுமேம்பாட்டுத் திட்டம்
எங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டு நிற்கிறது.
படத்தில் முகமில்லாத மனிதர்கள் காபி குடிக்கிறார்கள்.
மரங்களுக்கெல்லாம் ஒரே வயது.
ஒரே நாய் இரண்டு இடத்தில் நடந்து போகிறது.
கடை இருக்கும் இடத்தில்
சைக்கிள் நிறுத்தம்.

புகார் வந்தது, தட்டச்சில், கையெழுத்தில்லாமல்:
கடை இயங்கவில்லை, பரிசோதிக்கவும்.

போனேன்.
நாற்காலித் தோலில் தூசி.
லெவர்ட் காட்ஸ்டனுக்கு எழுபத்தொன்று.
வலது கை நடுங்குகிறது. இடது கையால்
அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

கடைசியாக யாருக்கு வெட்டினீர்கள்?

யோசித்தார்.
"டீக்கன் ப்ரூயிட்டுக்கு. ஏப்ரலில்.
நன்றாக வந்திருந்தது."
இங்கேயா?
"இல்லை, சவப்பெட்டியில்."

அந்த முகவரி செல்லாது என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
வால்வு ஆலை மூடியபின்
தலைகள் எல்லாம் கட்லர் சாலைப் பக்கம் போய்விட்டன
என்றார், ஏதோ பறவைகளைச் சொல்வதுபோல.
அதற்கு முன் யாருக்கு, எப்போது?
நோட்டைப் புரட்டினார்.
கணக்குப் போட்டேன். பதினோரு மாதம்,
இருபத்து இரண்டு நாள்.

அவர் என் பேனாவைப் பார்க்கவில்லை.
என் காதைப் பார்த்தார்.
"பின்னால் காடு மண்டிக்கிடக்கிறது க்ரோல்.
இப்படியா அரசாங்க வேலைக்குப் போகிறாய்?"

துணியை உதறினார்.

இங்கே நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும்.
அதற்கு விதி இருக்கிறது,
பயிற்சி வகுப்பில் சிரிக்காமல் கேட்டிருக்கிறேன்.
உட்கார்ந்தேன்.

கத்தரி காற்றில் நாலு முறை வெட்டிவிட்டு
ஐந்தாவதாக என்னிடம் வந்தது.
காதின் மேல் ஒரு சிறு கீறல்.
தரையில் என் முடி,
நான் நினைத்திருந்ததைவிட வெளுப்பாக.
பதினெட்டு டாலர்.
ரசீதில் தேதியை மட்டும்
இரண்டு கையாலும் எழுதினார்.

அறிக்கை:
உபயோகம் தொடர்கிறது.
ஆதாரம்: நேரில் கண்டது.

விசாரணை அன்று ஆளுக்கு மூன்று நிமிடம்.
திட்டத்துக்காரரின் வழக்கறிஞர்
எப்போது கண்டீர்கள், எவ்வளவு அருகில் என்று கேட்டார்.
தலைவி திருமதி ஹோல்ம்க்விஸ்ட்
கண்ணாடிக்கு மேலாக
என் இடது கிருதாவைப் பார்த்தார்,
பிறகு அதைவிட ஒரு விரல் ஏறியிருந்த வலதை.
ஒன்றும் கேட்கவில்லை.
நாலுக்கு மூன்று. ஒத்திவைப்பு.
மயிரிழையில் என்பார்கள்,
அன்று அது அளவாகவே இருந்தது.

திட்டம் செத்துவிடவில்லை.
வசந்தத்தில் மறுபடி வரும், இன்னொரு நாயோடு.

மாதத்தின் முதல் செவ்வாய்
என் சொந்தக் காரில்,
சொந்த நேரத்தில் போகிறேன்.
நேற்று அவர் என் உச்சியில் விரல் வைத்து
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"இங்கே கொட்டுகிறதே க்ரோல்.
உங்கள் அப்பாவுக்கு எந்த வயதில் போனது?"

நாற்பத்தெட்டில் என்றேன்.
எனக்கு நாற்பத்தாறு.

"அப்படியானால்," என்று கத்தரியைத் துடைத்தார்,
"நிதானமாக வெட்டுவோம்."